வகுப்பறையில் திரை கட்டி அமர்த்தப்பட்ட மாணவி: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

எர்ணாவூர், எண்ணூர், திருவொற்றியூர் வட்டாரத்தில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் புதிதல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே அந்தப் பெயர் காதில் விழுந்துவிடும். ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரில்தான் நடக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் என்ற அளவிலும் பலர் அவரை அறிவார்கள்.

ஆனால் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போன பெண்பிள்ளையாக அவர் எதையெல்லாம் கடந்து வந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு முடித்த மகளை மேலே அனுப்பலாமா, வேண்டாமா என்று நம் வீடுகளில் ஒவ்வோர் ஆண்டும் பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சு நடக்கும் வீடுகளுக்கு அவருடைய பள்ளிப் பருவம் தெரிய வேண்டும் என்பதால் இங்கே அதைச் சொல்கிறோம்.

பிறப்பைக் காட்டித் தடுத்தார்கள்

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை மன்னராட்சியின் கீழ் இருந்த தனி சமஸ்தானம். தந்தை நாராயணசாமி ஐயர், அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த சமூகத்தில் பிறந்தவர். இந்தத் திருமணத்துக்காகத் தந்தையை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தனர்.

ஆக, அந்தச் சிறுமிக்கு விவரம் தெரியும் முன்பே ஊர் அவர்மீது ஒரு முத்திரை குத்திவிட்டது. படித்தவர் மகள் என்ற மரியாதை ஒரு பக்கம் இருந்தது. இன்ன குலத்துப் பெண்ணின் மகள் என்ற ஏளனம் மறுபக்கம் இருந்தது. பள்ளி வாசலில் ஊர் நினைவில் வைத்திருந்தது இரண்டாவதைத்தான்.

பெண்பிள்ளைகள் படிப்பதே அரிதாக இருந்த அந்தக் காலத்தில் தந்தை அவரைப் பள்ளிக்கு அனுப்பினார். பருவமடைந்ததும் அன்றைய வழக்கப்படி பள்ளி நின்றது. மகளுக்குத் திருமணம் செய்துவிட வேண்டும் என்பது தாயின் கவலை. இன்றைய தாய்மார்களுக்கும் அந்தக் கவலை புரியும். வயதுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருந்தால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சம் அது. தந்தை அந்த அச்சத்துக்குப் பணியவில்லை. வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார், ஆசிரியரையும் அமர்த்தினார். 1902இல் முத்துலட்சுமி மெட்ரிகுலேஷன் தேர்வில் தனித்தேர்வராக எழுதித் தேறினார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 16 வயது.

ஒரு பெண்ணைக் கண்டு பயந்த கல்லூரி

அடுத்து கல்லூரி. ஊரில் இருந்தது தந்தை ஒரு காலத்தில் முதல்வராக இருந்த அதே மகாராஜா கல்லூரி. அதுவோ ஆண்கள் மட்டும் படித்த இடம். முத்துலட்சுமி விண்ணப்பித்ததும் எதிர்ப்பு கிளம்பியது. அப்போதைய முதல்வருக்கு விருப்பமில்லை. மாணவர்களின் பெற்றோரும் எதிர்த்தார்கள். ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார்கள். அவருடைய தாயின் பிறப்பையும் இழுத்தார்கள்.

நாம் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. படிக்க வந்தவர் பருவ வயதுப் பெண். பாதுகாப்பு தேவைப்பட்டவர் அவர். ஆனால் ஊரின் கண்ணுக்கு அவர் பாதுகாக்க வேண்டிய பிள்ளையாகத் தெரியவில்லை, மற்றப் பிள்ளைகளைக் கெடுக்க வந்த ஆபத்தாகத் தெரிந்தார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. எந்த வயிற்றில் பிறந்தார் என்பதை வைத்தே தீர்ப்பு எழுதினார்கள்.

மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பை ஏற்கவில்லை. சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். கல்லூரிக் கதவு திறந்தது. ஆனால் எப்படித் திறந்தது என்பதைப் பாருங்கள். மூடிய வண்டியில் வர வேண்டும். வகுப்பில் மாணவர்கள் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் அமர வேண்டும். பாடம் முடிந்ததும் அவர் கல்லூரியை விட்டு வெளியேற வேண்டும், அதற்குப் பிறகுதான் மாணவர்களுக்கு மணி அடிக்கும். பக்கத்தில் உட்காரத் தோழி இல்லை. சந்தேகம் கேட்கவோ சேர்ந்து படிக்கவோ ஆள் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது, ஆனால் அந்த வகுப்பில் அவரும் ஒருவர் என்று யாரும் நினைக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை

இது புதுக்கோட்டையில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கேன்டர்பரி என்ற சிற்றூரில் புரூடென்ஸ் கிராண்டல் என்ற வெள்ளைக்கார ஆசிரியை பெண்கள் பள்ளி ஒன்று நடத்தினார். 1832இல் சாரா ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண், ஆசிரியை ஆக வேண்டும் என்ற ஆசையோடு அங்கே சேர வந்தார். ஆசிரியை சேர்த்துக்கொண்டார். வெள்ளையர்கள் தங்கள் பெண்களை நிறுத்திக்கொண்டார்கள். கிராண்டல் பின்வாங்காமல் 1833இல் கறுப்பினப் பெண்களுக்காகவே பள்ளியைத் திறந்தார். கடைக்காரர்கள் சாமான் விற்க மறுத்தார்கள். பள்ளிக் கிணற்றில் சாணத்தைப் போட்டார்கள். வெளி மாநிலக் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைத் தடுக்கச் சட்டமே கொண்டு வந்து ஆசிரியையைச் சிறையில் அடைத்தார்கள். 1834 செப்டம்பரில் ஓர் இரவு கும்பலாக வந்து ஜன்னல்களை நொறுக்கினார்கள். அதோடு பள்ளி மூடப்பட்டது.

126 ஆண்டுகள் கழித்து, 1960 நவம்பரில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுக் கறுப்பினச் சிறுமி வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்தபோது மத்திய அரசுக் காவலர்கள் கூடவே நடந்து வர வேண்டியிருந்தது. மற்றப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை அவளோடு உட்கார விடவில்லை. அந்த ஆண்டு முழுவதும் ஒரே ஓர் ஆசிரியையோடு அவள் தனியாகப் படித்தாள். புதுக்கோட்டையில் துணித் திரை கட்டினார்கள். இங்கே காலி பெஞ்சுகளே திரையாக நின்றன.

இதெல்லாம் பழங்கதை என்று நாம் விட்டுவிட முடியாது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதே வயது வெள்ளைக்காரச் சிறுமிகளைவிடக் கறுப்பினச் சிறுமிகளுக்கு அரவணைப்பும் பாதுகாப்பும் குறைவாகவே தேவை என்றும், வயதுக்கு மீறிய விஷயங்கள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்றும் பெரியவர்கள் எண்ணுவதாக அந்த ஆய்வு காட்டியது. 5 வயதுப் பிள்ளையிடமிருந்தே இந்த எண்ணம் தொடங்கிவிடுகிறது. பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்காதபோது தண்டனையும் கடுமையாகிறது. 2011-12 கல்வியாண்டில் அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பின மாணவிகளில் 12 சதவீதம் பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள் என்றும், வெள்ளை மாணவிகளில் அது 2 சதவீதம் என்றும் அந்நாட்டுக் கல்வித் துறையின் கணக்கே சொல்கிறது.

மகாராஜா கல்லூரியின் பெற்றோர்கள் முத்துலட்சுமியைப் பார்த்த பார்வையும் இதுவும் வேறல்ல. நாடும் நிறமும் காலமும் மாறினாலும், பிறப்பை வைத்து ஒரு சிறுமியின் குழந்தைப் பருவத்தையே பறித்துவிடும் வழக்கம் மாறவில்லை.

திரையை யார் போட்டார்கள்?

நம் வாசகர்கள் சிலருக்கு ஒரு கேள்வி எழலாம். பெண்ணுக்குத் திரை இருந்தால் அதில் என்ன குறை என்று கேட்கலாம். பெண் தன் நம்பிக்கையால், தன் விருப்பத்தால் தலையை மறைத்துக்கொள்வது வேறு. இவள் இருந்தால் மற்றவர் கெட்டுப்போவார் என்று சொல்லி ஊர் அவளை ஒளித்து வைப்பது வேறு. முதலாவதில் கண்ணியம் அவளுடையது. இரண்டாவதில் அவள்மீது பழி சுமத்தப்படுகிறது.

இந்த வேறுபாடு புரிந்தால் அண்மையில் நடந்ததும் புரியும். 2021 இறுதியில் கர்நாடகத்தின் உடுப்பியில் தலையை மறைத்து வந்த முஸ்லிம் மாணவிகள் வகுப்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார்கள். ஓரிடத்தில் திரை கட்டினால்தான் வகுப்பு என்றார்கள், இன்னோரிடத்தில் துணியை எடுத்தால்தான் வகுப்பு என்றார்கள். இரண்டு இடத்திலும் முடிவெடுத்தவர் அந்த மாணவி அல்ல. இரண்டு இடத்திலும் பாடத்தை இழக்க வேண்டியிருந்தது அவள்தான்.

தான் நுழைந்த வாசலை மூடவில்லை

முத்துலட்சுமி 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பரிசுகளோடும் பதக்கங்களோடும் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையில் பணியாற்றினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், பொதுப் பணிக்குத் தடை சொல்லக் கூடாது என்று திருமணத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துகொண்டார்.

இந்த இடத்தில் அவர் நின்றிருந்தாலும் ஊர் மெச்சியிருக்கும். எல்லாத் தடையையும் தாண்டி ஒரு பெண் வந்துவிட்டார், மற்றவர்களும் முயன்றால் வரலாம் என்று பேசி முடித்திருப்பார்கள். அவரோ அப்படி நினைக்கவில்லை. தமக்குப் படித்த தந்தை இருந்தார், ஒரு மன்னரின் உத்தரவும் கிடைத்தது. இவை இரண்டும் இல்லாத பெண்பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. மீதி வாழ்நாள் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடினார்.

1926 இறுதியில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர் அவர். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அதன் துணைத் தலைவராகத் தேர்வானார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டு வந்தார். பெரிய மனிதர்கள் பலர் எதிர்த்தார்கள். தாயின் பிறப்பைச் சொல்லி அவரைத் தடுத்த அதே சமுதாயம், அந்தப் பிறப்பை இழிவாக்கிய வழக்கத்தை மட்டும் பண்பாடு என்று காக்க முயன்றது. 1929இல் சட்டத் திருத்தம் மூலம் முதல் படி கடக்கப்பட்டது. முழுச் சட்டம் வர 1947 வரை ஆனது. அவரைப் போலவே அந்தச் சமூகத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் ஊர் ஊராகச் சென்று இதற்காகப் போராடினார். இன்று அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் அந்த அம்மையார் பெயரில் நடப்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சட்டசபையில் இருந்த காலத்தில் பெண்பிள்ளைகளின் படிப்புக்காகவும் அவர் தொடர்ந்து பேசினார். ஏழை மாணவிகளுக்குக் கட்டணச் சலுகை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைக் கேட்டார். முஸ்லிம் மாணவிகள் தங்கிப் படிக்க விடுதி வேண்டும் என்றும் வலியுறுத்தினார். தம் சமூகத்துக்காக மட்டும் அவர் வாதாடவில்லை என்பதை நாம் நன்றியோடு நினைவில் கொள்ள வேண்டும்.

பிரிட்டிஷ் அரசு 1928இல் அமைத்த ஹார்டாக் கல்விக் குழுவிலும் அவர் உறுப்பினர். நாட்டின் பல மாகாணங்களுக்கும் சென்று பள்ளிகளைப் பார்த்தார். 1929இல் வெளிவந்த அந்தக் குழுவின் அறிக்கை இரண்டு குறைகளைச் சுட்டியது. ஒன்று, எழுதப் படிக்கத் தெரியும் முன்பே பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடுவது. இன்னொன்று, ஒரே வகுப்பில் ஆண்டுக்கணக்கில் தேங்கிவிடுவது. பெண் கல்விக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் அறிக்கை சொன்னது. பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதாது, கடைசி வரை நிற்க வைக்க வேண்டும் என்பது ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட உண்மை.

மற்ற விடுதிகள் மறுத்த பெண்கள்

1930இல் பொட்டுக்கட்டும் குடும்பங்களைச் சேர்ந்த சில இளம்பெண்கள் அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி அடைக்கலம் தேடி அவரிடம் வந்தார்கள். நகரத்தில் இருந்த விடுதிகளில் இடம் கேட்டார். குலத்தைக் கேட்டதும் மறுத்துவிட்டார்கள். மகாராஜா கல்லூரியில் தாம் கேட்ட அதே பேச்சை இந்தப் பிள்ளைகளும் கேட்க வேண்டியதாயிற்று. இவர்கள் வந்தால் மற்றப் பெண்கள் கெட்டுவிடுவார்களாம்.

முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். குலம், மதம் கேட்காமல் ஆதரவற்ற சிறுமிகளுக்கு உணவும் இடமும் படிப்பும் தந்த அந்த இல்லம் பின்னர் அடையாறுக்கு மாறியது. அங்கே பள்ளியும் ஆசிரியைப் பயிற்சியும் வளர்ந்தன. தெருவில் நின்றிருக்க வேண்டிய பெண்கள் ஆசிரியைகளாகவும் செவிலியர்களாகவும் வெளியே வந்தார்கள்.

புற்றுநோயால் தங்கையை இழந்த துயரம் அவரை இன்னொரு பெரிய பணிக்கு இட்டுச் சென்றது. 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1956இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

நம் வீட்டுப் பெண்பிள்ளைகள்

எர்ணாவூரில் கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். நடுவே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் குப்பங்களிலிருந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் இங்கே நிறைய வாழ்கின்றன. மீனவர், ஒடுக்கப்பட்டோர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறோம். இங்கிருந்து படிக்கப் போகும் பெண்ணுக்கு இன்று யாரும் துணித் திரை கட்டுவதில்லை. ஆனால் கறுப்பி என்ற பட்டப்பெயர் இருக்கிறது. குப்பத்துப் பெண், ஹவுசிங் போர்டு பெண் என்று முகவரியை வைத்து எடைபோடும் பார்வை இருக்கிறது. இவளுக்கு எதற்கு அறிவியல் பாடப்பிரிவு என்ற அலட்சியம் இருக்கிறது. இவையும் திரைகள்தான்.

வெளியிலிருந்து வருவதை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. பருவமடைந்ததும் படிப்பை நிறுத்துவது, பஸ்ஸில் போனால் பேர் கெட்டுவிடும் என்று பயப்படுவது ஆகியவை நம் வீட்டுக்குள்ளிருந்தே எழுகின்றன. பையன்கள் தொல்லை கொடுத்தால் பையனைக் கண்டிக்காமல் பெண்ணை வீட்டில் உட்கார வைக்கிறோம். அன்று மாணவர்கள் கெட்டுவிடுவார்கள் என்று மாணவியை ஒளித்து வைத்தவர்களுக்கும் நமக்கும் அப்போது என்ன வேறுபாடு? நிறத்தாலும் குலத்தாலும் எவருக்கும் உயர்வில்லை என்று நம்பும் நாம், கறுப்பி என்ற சொல்லை நம் பிள்ளைகளே பயன்படுத்தும்போது கண்டிக்கிறோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முஸ்லிம் பெற்றோருக்குக் கல்வியில் ஆர்வமில்லை என்ற பேச்சு உண்மையல்ல என்று 2006இல் சச்சார் குழு அறிக்கை காட்டியது. அருகில் உயர்நிலைப் பள்ளி இல்லாமை, பெண்களுக்கான விடுதி இல்லாமை, ஆசிரியைகள் போதாமை ஆகியவை தடைகள் என்றது. முத்துலட்சுமி சட்டசபையில் கேட்ட விடுதியின் தேவை அப்போதும் தீரவில்லை. இதே சென்னையில் 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் தேனாம்பேட்டையில் பெண்கள் கல்லூரி தொடங்கினார். சமுதாயம் நினைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஜமாஅத்துகள் ஆண்டு தோறும் கல்வி உதவித்தொகை தருவதோடு, பத்தாம் வகுப்புக்குப் பிறகு யார் வீட்டில் பெண் நின்றுவிட்டாள் என்று விசாரித்து அறியவும் வேண்டும்.

பெற்றோர்கள் கையில் சட்டமும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனத்தால் நோகடிப்பதையும் தடை செய்கிறது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும், குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பட்டப்பெயரோ பாகுபாடோ இருந்தால் அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் குழந்தைகள் உதவி எண் 1098இலும் முறையிடலாம்.

முத்துலட்சுமியின் தந்தை மகளுக்காகப் பெரிய போராட்டம் எதையும் நடத்தவில்லை. ஊர் சொன்னதற்காகப் படிப்பை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். தேர்வு முடிவுகள் வந்து அடுத்த சேர்க்கை தொடங்கும்போது, நம் வீட்டுப் பெண்பிள்ளை எந்தப் பள்ளியில், எந்தப் பாடம் படிக்க விரும்புகிறாள் என்று முதலில் அவளிடமே கேட்போம். கேட்டபின் விண்ணப்பப் படிவம் வாங்க அவளோடு நாமும் கூடப் போவோம்.